மூன்று பாதை, ஒரே நீர்

லண்டனுக்கு மேற்கே, தேம்ஸ் நதி ஒரு குன்றுத்தொடரைப் பிளந்துகொண்டு தெற்கே இறங்கும் இடத்தில் கோரிங் என்ற சிற்றூர் இருக்கிறது. ஆற்றுக்குக் கிழக்கே சில்டர்ன் குன்றுகள், மேற்கே பெர்க்‌ஷயர் டவுன்ஸ் மேட்டுநிலம். இங்கிலாந்தின் இரண்டு பெரிய நெடுநடைப் பாதைகள் இங்கே சந்திக்கின்றன. ஒன்று ரிட்ஜ்வே. ஏவ்பரிக்கு அருகிலுள்ள ஓவர்ட்டன் குன்றிலிருந்து ஐவிங்ஹோ பீக்கன் வரை 139 கிலோமீட்டர் நீளும் இது, 1973இல் தேசிய நடைபாதையாகத் திறக்கப்பட்டது. மற்றது தேம்ஸ் பாதை. ஆறு பிறக்கும் காட்ஸ்வோல்ட்ஸ் பகுதியிலிருந்து லண்டன் வரை ஏறத்தாழ 300 கிலோமீட்டர் கொண்ட இது 1996இல் திறக்கப்பட்டது. ரிட்ஜ்வே வழியாக மேற்கிலிருந்து வருபவர் மரங்கள் அரிதான புல்மேட்டின் முகட்டிலேயே நெடுந்தூரம் நடந்து வருகிறார். கோரிங்கில் ஆற்றைக் கடந்ததும் சில கிலோமீட்டர் கரையோரமாகச் செல்கிறார். பிறகு கிழக்கே திரும்பி பீச் மரக்காடுகளுக்குள் ஏறுகிறார். புல்மேடு, ஆற்றங்கரை, காடு என மூன்றும் ஒரே நாள் நடையில் வந்துவிடுகின்றன. வழிகாட்டி நூல்கள் இவற்றை மூன்று தனித்தனி அழகுகளாக வருணிப்பது வழக்கம். அவை மூன்றும் ஒரே நீரின் மூன்று நிலைகள் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். மழைநீர் எங்கே பாறைக்குள் மறைகிறது, எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது, எங்கே மறுபடி வெளிப்படுகிறது என்ற மூன்று கேள்விகளுக்கான விடைதான் இந்த நாட்டுப்புறத்தில் பாதை போகும் தடத்தையும் அதன் இரு பக்கமும் வளர்வதையும் பெருமளவு தீர்மானித்திருக்கிறது.

இந்தக் குன்றுகளின் பாறை சீமைச்சுண்ணாம்பு. ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்த பின் கிரெட்டேசியக் காலத்தில், இன்றைய வடமேற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதி வெதுவெதுப்பான கடலின் அடியில் கிடந்தது. அந்தக் கடலில் மிதந்த ஒற்றைச் செல் பாசிகளான காக்கோலித்தோஃபோர்கள் தம்மைச் சுற்றிக் கால்சியம் கார்பனேட் தகடுகளை வளர்த்துக்கொண்டன. ஒரு தகட்டின் அகலம் ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பகுத்தால் அதில் சில பங்குதான். பாசிகள் மடிய மடிய இந்தத் தகடுகள் கடலடியில் வெண்சேறாகப் படிந்தன. ஆயிரம் ஆண்டுகளுக்கு ஒருசில சென்டிமீட்டர் என்ற வேகத்தில், தென் இங்கிலாந்தில் நூற்றுக்கணக்கான மீட்டர் தடிமனுக்கு அந்தப் படிவு உயர்ந்தது. 1868இல் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி நாரிச் நகரத் தொழிலாளர்களிடம் நிகழ்த்திய புகழ்பெற்ற உரையின் பொருளே ஒரு சீமைச்சுண்ணாம்புத் துண்டுதான். ஒரு தச்சர் கால்சட்டைப் பையில் வைத்திருக்கும் துண்டுக்குள் பூமியின் வரலாற்றில் ஒரு முழு அத்தியாயம் அடங்கியிருப்பதை அவர் காட்டினார். நம் கேள்விக்கு முக்கியமானது அந்தத் தகடுகளை விட அவற்றுக்கு இடையிலுள்ள வெற்றிடம். இந்தப் பாறையின் கன அளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெறும் நுண்துளைகள். ஆனால் அந்தத் துளைகள் மிகமிகச் சிறியவை. நீரை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளுமே தவிர எளிதில் விட்டுக்கொடுக்காது. நீர் உண்மையில் ஓடுவது பாறையைக் குறுக்கும் நெடுக்கும் வெட்டும் விரிசல்கள் வழியாக. சேமிப்பு துளைகளில், போக்குவரத்து விரிசல்களில் என்ற இந்த வேலைப்பிரிவினை இந்தப் பாறையின் தனிக்குணம்.

அந்தக் குணத்தை அளந்து காட்டிய சான்று எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் நடந்த ஹைட்ரஜன் குண்டுச் சோதனைகள் உலகெங்கும் மழைநீரில் டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜனைக் கலந்துவிட்டன. அதன் அளவு 1963ஐ ஒட்டி உச்சத்தைத் தொட்டுப் பிறகு குறைந்தது. ஆகவே அந்த ஆண்டு பெய்த மழைக்குத் தனி அடையாளம் கிடைத்துவிட்டது. 1960களின் இறுதியில் பெர்க்‌ஷயர் டவுன்ஸில் துளையிட்டு எடுத்த பாறையை ஆராய்ந்தவர்கள், அந்த உச்சம் தரைக்குக் கீழே சில மீட்டர் ஆழத்திலேயே நிற்பதைக் கண்டார்கள். அதாவது, நிலத்தடி நீர்மட்டத்துக்கு மேலுள்ள பாறையில் நீர் இறங்கும் வேகம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரே ஒரு மீட்டர். ஆனால் அதே குன்றுகளில் குளிர்கால மழை பலமாகப் பெய்தால், நீர்மட்டம் சில வாரங்களிலோ மாதங்களிலோ உயர்ந்துவிடுகிறது. இந்த இரண்டும் முரண்படுவதாகத் தோன்றினாலும் விளக்கம் எளிது. மேலே புதிதாக நுழையும் நீர், துளைகளில் ஏற்கெனவே நிற்கும் பழைய நீரைக் கீழே தள்ளுகிறது. பெருமழைக் காலத்தில் விரிசல்கள் வழியாகவும் ஒரு பங்கு விரைந்து இறங்குகிறது. இன்று ஊற்றில் வெளிப்படும் நீரில் பெரும்பகுதி பல பத்தாண்டுகளுக்கு முன் பெய்த மழை என்பது இதன் பொருள். கோடை மழையைப் புல்லும் மரமும் வெயிலும் எடுத்துக்கொள்வதால், பாறைக்குள் சேர்வது பெரும்பாலும் இலையுதிர் காலம் முதல் மார்ச் வரையிலான மழைதான். ஊற்றுகள் குளிர்காலத்தின் கடைசியிலும் வசந்தத்தின் தொடக்கத்திலும் பெருகுவது இதனால்.

இந்த அறிவோடு குன்றின் முகட்டைப் பார்ப்போம். பெய்த மழையைப் பாறை உடனே உள்ளிழுத்துக்கொள்வதால் அங்கே ஓடையும் இல்லை, சதுப்பும் இல்லை. கால் புதையாது, பாலம் தேவையில்லை, மந்தையையும் சுமையேற்றிய குதிரையையும் ஓட்டிச் செல்ல நல்ல இடம். ரிட்ஜ்வேயின் மேற்குப் பாதி முகட்டைப் பற்றிக்கொண்டு போவதற்கு நிலவியல் தரும் காரணம் இந்த வறட்சிதான். ஆனால் நடப்பதற்கு வசதியான அதே வறட்சி வாழ்வதற்குப் பெரும் இடைஞ்சல். ஆட்டுமந்தைகளுக்காக இடையர்கள் மேட்டில் குளம் வெட்டி, களிமண்ணை மிதித்துக் குழைத்து அடியில் பூசி, மழைநீர் இறங்காமல் தடுத்துவைத்தார்கள். பனிக்குளங்கள் என்று பெயர் பெற்றிருந்தாலும் அவற்றை நிரப்பியது பெரும்பாலும் மழைதான். மனிதர்களின் நிலை இன்னும் கடினம். சில்டர்ன் மேட்டில் உள்ள ஸ்டோக் ரோ கிராமத்தில் ஒரு கிணறு இருக்கிறது. அதைத் தோண்டப் பணம் கொடுத்தவர் காசி மன்னர் ஈஸ்வரி பிரசாத் நாராயண் சிங். இந்தியாவின் வடமேற்கு மாகாணங்களில் உயரதிகாரியாக இருந்த எட்வர்ட் ஆண்டர்டன் ரீட் இந்தப் பக்கத்துக்காரர். தன் சொந்த ஊர்ப்புறத்தில் குடிநீருக்கு மக்கள் படும் பாட்டை அவர் மன்னரிடம் சொல்லியிருந்தார். அதை நினைவில் வைத்திருந்த மன்னர் கொடையளிக்க, 1864இல் கிணறு திறக்கப்பட்டது. இந்தியாவின் வெப்பச் சமவெளியிலிருந்து மழைக்குப் பெயர்போன இங்கிலாந்துக்குத் தண்ணீர் தானம் போனதை விசித்திரம் என்று சொல்லிக் கடந்துவிட வேண்டாம். அந்தக் கிணற்றின் ஆழம் 112 மீட்டர். முழுவதும் கையால் வெட்டியது. மேட்டில் வாழ விரும்பியவர் நீருக்குக் கொடுக்க வேண்டிய விலையைத் துல்லியமாகச் சொல்லும் அளவீடு அது.

அந்த விலை மிகக் குறைவாக இருந்த இடம் குன்றின் அடிவாரம். சீமைச்சுண்ணாம்பின் கீழ்ப்பகுதியில் களிமண் கலப்பு அதிகம். அதற்கும் அடியில் நீரை விடாத களிப்படிவு. இறங்கி வந்த நீர் மேற்கொண்டு இறங்க வழியில்லாமல் பக்கவாட்டில் நகர்ந்து, சரிவு சமவெளியைத் தொடும் கோட்டில் ஊற்றுகளாக வெளிவருகிறது. வரைபடத்தில் அந்தக் கோட்டைப் பின்தொடர்ந்தால், ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு ஒரு கிராமம் என்று வரிசையாக ஊர்கள் வரும். யூவெல்ம் கிராமத்தில் இந்த நீரைக் கண்ணெதிரே பார்க்கலாம். பாறையிலிருந்து வரும் நீரின் வெப்பநிலை கோடையிலும் குளிரிலும் ஏறத்தாழ 10 அல்லது 11 டிகிரி செல்சியஸ். சுற்றிலும் வயல் உறைந்து கிடக்கும் ஜனவரி காலையிலும் அங்குள்ள ஆழமற்ற கீரைப் பாத்திகளில் நீர் உறையாமல் சலசலத்து ஓடும். அதன் மேல் வாட்டர்கிரஸ் என்ற நீர்க்கீரை பச்சையாகப் படர்ந்திருக்கும். அங்கே அந்தக் கீரையை வணிகப் பயிராக வளர்த்தவர்கள், குளிர்காலத்திலும் சந்தைக்கு அனுப்ப முடிந்தது இந்த மாறாத வெப்பநிலையால்தான். இந்த ஊற்றுக்கோட்டுக் கிராமங்களின் பழைய எல்லைகளும் கவனிக்கத் தக்கவை. பல ஊர்களின் எல்லை, சமவெளியில் தொடங்கிச் சரிவில் ஏறி மேட்டுக் காடு வரை நீளும் ஒடுங்கிய பட்டை. கீழே ஈரமான வைக்கோல் புல்வெளி, ஊற்றருகே வீடுகள், அடிவாரத்தில் உழவு நிலம், சரிவில் மேய்ச்சல், உச்சியில் விறகு என ஒவ்வொரு ஊருக்கும் எல்லா வகை நிலத்திலும் பங்கு கிடைத்தது. அந்தப் பங்குகளை இணைக்க மந்தையும் வண்டியும் தினமும் ஏறி இறங்கின. மென்மையான பாறையில் சக்கரமும் குளம்பும் மழையும் நூற்றாண்டுகளாக அரித்து, இருபுறமும் கரை உயர்ந்த பள்ளத் தடங்களை உண்டாக்கின. இன்று நடப்பவர் பயன்படுத்தும் பாதை வலையில் இரண்டு திசைகளே ஓங்கி நிற்பது இதனால்தான். முகட்டையும் ஊற்றுக்கோட்டையும் ஒட்டிப் போகும் நெடும்பாதைகள் ஒரு திசை. அவற்றைக் குறுக்கே வெட்டிச் சரிவில் ஏறும் ஊர்ப்பாதைகள் மற்றது.

காடு இந்த விளக்கத்துக்கு முதலில் அடங்காததுபோல் தோன்றும். மேடு வறண்டது என்றால் அங்கே அடர்ந்த பீச் காடு எப்படி வந்தது? சில்டர்ன் மேட்டின் பல பகுதிகளில் சுண்ணாம்பின் தலைமேல் சிக்கிமுக்கிக் கற்கள் பதிந்த களிமண் ஒரு போர்வையாகக் கிடக்கிறது. அது ஈரத்தைப் பிடித்து வைக்கும், உழுவதற்குக் கடினம், அமிலத்தன்மை உள்ளது. ஏர் தயங்கிய இடத்தில் மரம் நிலைத்தது. செங்குத்தான சரிவுகளில் களிமண் இல்லை, மண்ணே மெல்லியது. அங்கேயும் பீச் தன் பரந்த, ஆழம் குறைந்த வேர்களால் பிடித்து நிற்கிறது, ஆனால் சற்று ஆபத்தான நிலையில். 1976இன் கடும் வறட்சியில் தென் இங்கிலாந்தின் பீச் மரங்கள் பெருமளவு பாதிக்கப்பட்டன. காடு எங்கே இருக்கலாம் என்பதை மண்ணின் ஈரம் குறித்தது. எப்படிப்பட்ட காடாக அது இருக்கும் என்பதை ஆறு தீர்மானித்தது. இடைக்காலத்தில் லண்டனின் அடுப்புகளுக்கு விறகு தேவைப்பட்டபோது, இந்தக் குன்றுகளின் மரம் ஹென்லி போன்ற துறைகளிலிருந்து தேம்ஸ் வழியே படகில் போனது. நிலக்கரி வந்து விறகுச் சந்தை சரிந்த பிறகு, ஹை வைகம்ப் நகரை மையமாகக் கொண்டு நாற்காலித் தொழில் எழுந்தது. பாட்ஜர் எனப்பட்ட கடைசல்காரர்கள் காட்டுக்குள்ளேயே கால்மிதிக் கடைசல் அமைத்து, பச்சை பீச் மரத்தில் நாற்காலிக் கால்களைக் கடைந்து நகரத்துக்கு அனுப்பினார்கள். உயர்ந்து நேராக வளர்ந்த பீச் மரங்கள் நிறைந்த இன்றைய காட்டில் அந்தத் தொழிலின் தேவைக்கும் பங்கு உண்டு. அதனூடே கிளைவிட்டுப் பிரியும் பாதைகளில் பலவும் மரம் இழுத்த தடங்கள்.

புல்மேட்டில் இதே தர்க்கம் இன்னும் நுட்பமாக வேலை செய்கிறது. மேய்ச்சல் தவறாத ஒரு சரிவில் குனிந்து ஒரு சதுர மீட்டர் தரையைப் பார்த்தால், 40 வகைத் தாவரங்கள் வரை எண்ண முடியும். எதுவும் விரல் உயரத்துக்கு மேல் இராது. காட்டுத் தைம் செடி தரையோடு தரையாகப் பாய் விரித்திருக்கும். அதன் இடைவெளியில் சிறு ஆர்க்கிட். அதற்கருகே குதிரைலாட வடிவக் காய்கள் கொண்ட ஒரு மஞ்சள் பூச்செடி, அடோனிஸ் நீலன் வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் உண்ணும் ஒரே உணவு. மண் ஒரு சாண் ஆழம்கூட இல்லாவிட்டாலும் இவை கோடையில் எளிதில் கருகுவதில்லை. வேர்கள் பாறை விரிசலுக்குள் இறங்குகின்றன. விரிசலை ஒட்டிய நுண்துளைகள் தாம் பிடித்துவைத்த நீரைச் சிறிது சிறிதாக விட்டுக்கொடுக்கின்றன. சத்தற்ற மண்ணில் இத்தனை வகைகள் ஏன் என்ற கேள்விக்கு, இந்தக் குன்றுகளின் கிழக்கு ஓரத்தில் ஹார்ப்பெண்டனில் உள்ள ராத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையம் விடை தருகிறது. 1856இல் அங்கே தொடங்கப்பட்ட புல்வெளிச் சோதனை இன்றும் தொடர்கிறது. உரமே இடாத பாத்திகளில் ஏறத்தாழ 40 வகைத் தாவரங்கள் நிலைத்திருக்கின்றன. அம்மோனியம் உரம் மட்டும் தொடர்ந்து இட்டு, சுண்ணாம்பு சேர்க்காமல் விட்ட பாத்திகள் இரண்டு மூன்று வகைகளுக்குச் சுருங்கிவிட்டன. அங்கே மண் அமிலமானதும் ஒரு காரணம்; அதோடு, சத்து மிகுந்தால் உயர்ந்து வளரும் சில புற்கள் மற்றவற்றின் வெளிச்சத்தைப் பறித்துவிடுகின்றன. சத்துக் குறைவு எதையும் ஆதிக்கம் செலுத்த விடுவதில்லை. இந்த வறுமையைக் காலங்காலமாகக் காத்தது ஆடு. பகலில் சரிவில் மேய்ந்து, இரவில் கீழே உழவு நிலத்தில் கிடை போட்ட மந்தை, மேட்டின் சத்தை எருவாகச் சுமந்து பள்ளத்துக்குக் கொண்டுபோனது.

மூன்றாம் நிலை ஆறு. சுண்ணப்பாறை ஊற்றுகளால் வளரும் ஓடைகள் உலகிலேயே அரிதானவை. அவற்றில் பெரும்பகுதி இங்கிலாந்தில்தான். சில்டர்ன் குன்றுகளில் செஸ், மிஸ்போர்ன், வை, வெர் ஆகியவை இந்த வகை. மழை பெய்தால் சீறிக் கலங்குவதும் நின்றால் வற்றுவதும் இவற்றின் இயல்பல்ல. பாறையால் வடிகட்டப்பட்டு வரும் நீர் கண்ணாடிபோல் தெளிவு; ஓட்டத்தில் பத்தில் ஒன்பது பங்கு நிலத்தடியிலிருந்து வருவதால் ஆண்டு முழுதும் பெரும்பாலும் சீர்மை. அதனால் கரை தாழ்வாகவும் நிலையாகவும் இருக்கிறது. நீரோரமாகவே பாதை போக முடிகிறது. ஓடைகளின் தலைப்பகுதிகளில் மட்டும் நீர்மட்டத்தின் ஏற்ற இறக்கம் கண்ணுக்குத் தெரியும். குளிர்காலத்தில் மட்டும் ஓடும் அந்தப் பகுதிகளில் ஓடை தொடங்கும் இடமே ஆண்டுக்கு ஆண்டு மேலும் கீழும் நகரும். தேம்ஸ் இவற்றையெல்லாம் ஏற்றுக்கொள்ளும் பெருநதி. அது சுண்ணப்பாறை ஓடை அல்ல. அதன் கரைப்பாதைக்கும் வேறு பிறப்பு. குதிரைகள் கயிறு கட்டிப் படகை இழுத்துச் சென்ற தடம் அது. அந்தத் தடம் ஆற்றின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு மாறிமாறிச் சென்றது. மாறும் இடத்தில் ஓடம் குதிரையை அக்கரை சேர்த்தது. படகுப் போக்குவரத்து மறைந்து ஓடங்களும் நின்றபோது தொடர்ச்சி அறுந்தது. ஹர்லி, மார்லோ ஊர்களுக்கு இடையே டெம்பிள் என்ற இடத்தில் 1989இல் நடைபாலம் கட்டப்பட்டது அப்படி அறுந்த ஓர் இடத்தை இணைக்கத்தான்.

இதுவரை சொன்னதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பாறையும் நீரும் பாதையை உண்டாக்கின என்பது மனிதரை மறந்த விளக்கம் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வார்கள். சான்றுகளும் அவர்கள் கையில் இருக்கின்றன. தாழ்நிலம் ஊடுருவ முடியாத காடாகவும் சேறாகவும் கிடந்ததால் ஆதி மனிதர் முகட்டிலேயே நடந்தார்கள் என்ற பழைய கதை இன்று நிற்கவில்லை. வான்வழிப் படங்களும் அகழாய்வுகளும் தேம்ஸ் சமவெளியின் சரளை நிலங்களில் வரலாற்றுக்கு முந்தைய குடியிருப்புகள் நெருக்கமாக இருந்ததைக் காட்டிவிட்டன. முகட்டையொட்டி வேலண்ட்ஸ் ஸ்மிதி என்ற புதிய கற்கால ஈமமேடும், கி.மு. 1380க்கும் 550க்கும் இடையே செதுக்கப்பட்டதாக ஒளித்தூண்டல் காலக்கணிப்பு சொல்லும் அஃபிங்டன் வெள்ளைக் குதிரையும் இருப்பது உண்மை. ஆனால் நினைவுச்சின்னம் பழையது என்பதால் அருகில் போகும் நெடும்பாதையும் அதே பழமை என்று ஆகிவிடாது. இன்னொரு மறுப்பு பாறையிலிருந்தே வருகிறது. இதே சீமைச்சுண்ணாம்பு ஆங்கிலக் கால்வாய்க்கு அப்பால் வடபிரான்ஸிலும் விரிந்து கிடக்கிறது. ஷாம்பெய்ன் பகுதியின் வறண்ட சுண்ணாம்பு மேட்டில் 19ஆம் நூற்றாண்டில் பைன் மரங்கள் நடப்பட்டன. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அவை வெட்டப்பட்டு, உரத்தின் துணையோடு பரந்த தானிய வயல்கள் வந்தன. ஒரே பாறை, முற்றிலும் வேறு நாட்டுப்புறம்.

இந்த மறுப்பை ஏற்றுக்கொள்வதால் வாதம் தளரவில்லை, கூர்மையாகிறது. பாறை கட்டளையிடுவதில்லை, விலை வைக்கிறது. மேட்டில் குடியேறலாம், ஆனால் 112 மீட்டர் தோண்ட வேண்டும். களிமேட்டை உழலாம், ஆனால் கூடுதல் எருதுகள் வேண்டும். ஒரு தலைமுறை அந்த விலையைக் கொடுக்கத் துணியலாம். ஆயிரம் ஆண்டுகளில் பெரும்பாலோர் மலிவான வழியையே தேர்ந்திருப்பார்கள். பாதை வலை என்பது அந்தக் கோடிக்கணக்கான தேர்வுகளின் கூட்டுத்தொகை. எந்தத் தனிப்பாதையும் எவ்வளவு பழையது என்பது தெரியாவிட்டாலும் வலையின் வடிவத்தை இது விளக்கும். பாதைகள் இன்றுவரை நிலைத்திருப்பதற்குக் காரணம் பாறையல்ல, சட்டம். அதில் ஐயமில்லை. மக்கள் 20 ஆண்டுகள் தடையின்றி நடந்துவந்த தடம் பொதுவழியாகக் கருதப்படும் என்ற விதி 1932இல் சட்டமானது. ஒவ்வொரு மாவட்டமும் தன் பொதுவழிகளை வரைபடத்தில் பதிவுசெய்ய வேண்டும் என்று 1949ஆம் ஆண்டின் தேசியப் பூங்காச் சட்டம் வகுத்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 2.25 லட்சம் கிலோமீட்டர் பொதுவழி இருப்பது இதன் பயன். கிணறும் மந்தையும் மறைந்து, குழாய்நீர் வந்து, நீரின் பழைய விலைகள் பொருளிழந்த பிறகும், அந்த விலைகள் வரைந்த கோடுகளைச் சட்டம் அப்படியே காத்துவைத்திருக்கிறது.

இரண்டாவது மறுப்பு இயற்கை ஆர்வலர்களிடமிருந்து வருகிறது. ஆடு உண்டாக்கிய புல்மேடு செயற்கையானது என்றால், அதை ஏன் காக்க வேண்டும்? காடாக விட்டுவிடலாமே? செயற்கை என்பது உண்மைதான். சுண்ணாம்பு மண்ணில் மகரந்தம் நன்றாகப் பாதுகாக்கப்படுவதில்லை, ஆனால் நத்தை ஓடுகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அழியாமல் கிடக்கும். புதிய கற்கால ஈமமேடுகளின் அடியில் புதைந்த பழைய மண்ணை அலசியவர்கள், கீழ் அடுக்கில் நிழலை விரும்பும் காட்டு நத்தைகளையும் மேல் அடுக்கில் வெளிச்சத்தை விரும்பும் புல்வெளி நத்தைகளையும் கண்டார்கள். காடு அழிக்கப்பட்டுப் புல்வெளி வந்ததற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. புல்மேடு தன்னைத்தானே காத்துக்கொள்ளாது என்பதற்கும் ஒரு பெருஞ்சோதனை தற்செயலாக நடந்தது. 1953இல் பிரிட்டனுக்கு வந்த மிக்ஸமட்டோசிஸ் நோய் சில ஆண்டுகளில் முயல்களில் பெரும்பான்மையைக் கொன்றது. ஆடுகள் ஏற்கெனவே குறைந்திருந்த சரிவுகளில், மேய்ந்துவந்த முயல்களும் போனதும் புல் உயர்ந்தது, முட்புதர் ஏறியது, தரை நிழலில் குளிர்ந்தது. சூடான வெறுந்தரையை நம்பியிருந்த பூச்சிகள் பல இடங்களில் மறைந்தன. ஆனால் ஒன்றை மனிதர் உண்டாக்கினார்கள் என்பதால் அது மதிப்பற்றதாகிவிடுவதில்லை. ஐயாயிரம் ஆண்டுகளாக அந்தக் குறும்புல்லோடு இணைந்து வாழப் பழகிய நூற்றுக்கணக்கான உயிர்களுக்கு வேறு புகலிடம் இல்லை. காடு வளரப் பல நிலங்கள் உண்டு. சத்தற்ற, வறண்ட, வெயில் விழும் சுண்ணாம்புச் சரிவு ஒரு முறை புதராகிச் சத்தேறிவிட்டால், மீட்க மனித ஆயுள் போதாது.

இந்த வாதம் முடிவில் வந்து சேரும் இடம் ஒரு கடமை. நடைபாதையைக் காப்பது என்றால் வழிகாட்டிப் பலகை நடுவது, படிக்கட்டைச் செப்பனிடுவது, முள்ளை வெட்டுவது என்று பொதுவாக நினைக்கிறோம். அவை தேவைதான். ஆனால் புல்மேடு, ஆற்றங்கரை, காடு என்ற மூன்று வழிப் பாதைகளும் ஒரே நீரின் விளைவு என்றால், அந்த நீரைத் தொடாமல் பாதையை மட்டும் காப்பது அரைவேலை. மேட்டு ஊர்களைக் கிணற்றிலிருந்து விடுவித்த குழாய்நீரின் பெரும்பங்கு இதே பாறையிலிருந்துதான் இறைக்கப்படுகிறது. 20ஆம் நூற்றாண்டில் இறைப்பு பெருகப் பெருக நீர்மட்டம் தாழ்ந்தது. சில்டர்ன் ஓடைகளின் தலைப்பகுதிகள் வற்றின. கரையோரப் பாதை இருந்தது, கரைக்குள் ஓடை இல்லை. வெர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் உள்ளூர் மக்கள் நெடுங்காலம் போராடிய பிறகு, 1993இல் ஃபிரையர்ஸ் வாஷ் நீரேற்று நிலையத்தில் இறைப்பு நிறுத்தப்பட்டது. மேற்பகுதியில் ஓட்டம் திரும்பியது. பாதிப்பைத் திருத்த முடியும் என்பதற்கு இது சான்று. ஆனால் அளவைத் திருத்துவது எளிது, தூய்மையைத் திருத்துவது கடினம். ஆண்டுக்கு ஒரு மீட்டர் என்ற அந்த வேகத்தை மறுபடி நினைக்க வேண்டும். கடந்த நூற்றாண்டின் பிற்பாதியில் மேட்டு வயல்களில் கொட்டிய நைட்ரேட் உரத்தில் ஒரு பங்கு இன்னும் பாறைக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. இன்றே உரத்தை நிறுத்தினாலும் பல இடங்களில் ஊற்று தெளிய ஒரு தலைமுறை ஆகும். அதனால்தான் முகட்டுப் பாதைக்கு அருகிலுள்ள வயலில் ஓர் உழவர் எடுக்கும் முடிவும், பள்ளத்தாக்கு நகரில் ஒரு குடும்பம் திறந்துவிடும் குழாயும் ஆற்றங்கரைப் பாதையின் எதிர்காலத்தைச் சேர்ந்தவை. பொதுவழிகளை வரைபடத்தில் பதிந்து காக்க 1949இல் ஒரு நாடு முடிவெடுத்தது. அந்த வழிகளை வரைந்த நீரையும் அதே உறுதியோடு பதிந்து காப்பதே அந்தச் சட்டம் தொடங்கிவைத்த வேலையின் மறுபாதி. பாறை மெதுவாகவே பதில் சொல்லும் என்பதால், அந்த வேலையைத் தள்ளிப்போடும் ஒவ்வோர் ஆண்டின் விலையையும் அடுத்த தலைமுறைதான் கொடுக்கும்.